புதுப்பிப்பு: பாதி விலைக்கு வந்த அந்த மூன்று செடிகள்

நர்சரியில் ஓரமாக ஒதுக்கி, பாதி விலைக்குத் தள்ளிவிட்ட செம்பருத்தி, ரோஜா, ஸ்னேக் பிளான்ட் தேறுமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? நிலவரம் இதுதான்.

செம்பருத்தி பிழைத்துவிட்டது. தொட்டியிலிருந்து உருவினால் மண்ணே தெரியவில்லை; வேர் சுற்றிச் சுற்றி, தொட்டியின் வடிவத்திலேயே இறுகிக் கிடந்தது. ஊற்றிய தண்ணீரெல்லாம் ஓரமாக வழிந்து போனதற்குக் காரணம் அதுதான். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளிச்சுற்று வேர்களை விரலால் பிரித்து, ஒரு சுற்றே பெரிய தொட்டிக்கு மாற்றினேன். ரொம்பப் பெரிய தொட்டி வேண்டாம், ஈரம் தங்கி வேர் அழுகும். கணுக்களில் இப்போது துளிர் தெரிகிறது. உரம் இன்னும் போடவில்லை, இலை விரியட்டும்.

ஆனால் இலைக்காம்பு இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி! 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துவருகிறேன். பூச்சி ஒழியும்வரை மற்ற செடிகள் பக்கம் இதற்கு இடமில்லை.

ரோஜா போய்விட்டது. தண்டை நகத்தால் சுரண்டினால் அடிவரை பழுப்பு, பச்சையே இல்லை.

ஸ்னேக் பிளான்ட்டில் கொழகொழத்த வேரை வெட்டி, காயவைத்து நட்டாயிற்று. அது மெதுவாகத்தான் வரும். அந்த நர்சரியில் இன்னொரு செம்பருத்தி கிடந்தது, போய்ப் பார்க்க வேண்டும்.