தெரு மரக் கணக்கு

[நாகர்கோவில் வடசேரி – நம்ம தெரு குழு]

மாடி வீட்டுப் பிள்ளை: அண்ணாச்சி, தெரு மரக் கணக்குக்கு நீங்கள் கேட்ட படம். செண்டினல்-2 செயற்கைக்கோள் இந்த பிப்ரவரியில் எடுத்தது. சிவப்பாக இருப்பதெல்லாம் மரமும் செடியும்.

அண்ணாச்சி: பச்சை மரம் சிவப்பாகவா தெரியும் மக்களே?

மாடி வீட்டுப் பிள்ளை: இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். அதற்குத்தான் படத்தில் சிவப்பு கொடுத்திருக்கிறது. மரம் வாடினால் சிவப்பு மங்கும்.

டீச்சர் அக்கா: முக்கில் நிற்கிற தூங்குமூஞ்சி மரம் எங்கே?

மாடி வீட்டுப் பிள்ளை: வட்டம் போட்டிருக்கிறேன் அக்கா. படத்தில் ஒரு கட்டம் என்றால் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். தூங்குமூஞ்சியின் விரிவு 18 மீட்டர், நேற்று அளந்தேன். அதனால் மூன்று நான்கு கட்டம் பிடிக்கிறது. போன வருடம் வைத்த பூவரசங்கன்றுகள் ஒன்றுகூடத் தெரியவில்லை, ரோட்டோடு கலந்துவிட்டன.

சித்தி: ஆனாலும் படம் முழுக்கச் சிவப்புதானே? மரம் நிறைய இருக்கிறது, சந்தோஷம்.

மாடி வீட்டுப் பிள்ளை: அங்கேதான் சித்தி எனக்குப் பயம். அதில் பாதிக்கு மேல் பின்னால் இருக்கிற தென்னந்தோப்பு. ரோட்டோர வேம்பும் புங்கும் மொத்தமாகப் போனாலும் ஊர்க் கணக்கில் பெரிதாகக் குறையாது. மதியம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குத் தோப்பு நிழல் எட்டுமா? எது தென்னை, எது நிழல்மரம் என்று நாம் நடந்து பார்த்து எழுதினால்தான் இந்தப் படத்துக்கு உயிர்.

டீச்சர் அக்கா: மழைக்காலத்தில் எடுத்தால் இன்னும் செழிப்பாகத் தெரியாதா?

மாடி வீட்டுப் பிள்ளை: செயற்கைக்கோள் 5 நாளுக்கு ஒருமுறை கடக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டே. ஜனவரி முதல் மார்ச் வரைதான் சரி.

அண்ணாச்சி: ஒக்கிப் புயலுக்கு முன்னால் எடுத்தது கிடைக்குமா?

மாடி வீட்டுப் பிள்ளை: இருக்கிறது. 2017 பிப்ரவரியில் உங்கள் வீட்டு முன்னால் இரண்டு கட்டம் நல்ல சிவப்பு. 2018 பிப்ரவரியில் அதே இடம் சாம்பல்.

அண்ணாச்சி: அயனி மரம். அப்பா வைத்தது. நவம்பர் 30 அன்று விழுந்தது. மறுநாள் கிளைக்குள் புகுந்துதான் பால் வாங்கப் போனேன். அந்த இரண்டு படத்தையும் எனக்குத் தனியாக அனுப்பு மக்களே.

மாடி வீட்டுப் பிள்ளை: அனுப்பிவிட்டேன் அண்ணாச்சி. ஞாயிறு காலை 6:30, முக்கில் கூடுவோம். மரத்தின் பெயர், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரச் சுற்றளவு, நிழல் விரிவு. இது போதும்.

டீச்சர் அக்கா: என்னிடம் தையல் டேப்தான் இருக்கிறது. தூங்குமூஞ்சிக்குக் காணாது.

அண்ணாச்சி: கிணற்றுக் கயிறு கொண்டு வருகிறேன். சுற்றிப் பிடித்துவிட்டு அப்புறம் கயிற்றை அளப்போம்.