புதுப்பிப்பு: ரோட்டின் நடுவில் உறைந்து நின்ற அப்பா

மூன்று மாதம் முன்பு எழுதியிருந்தேன்: பார்க்கின்சன் நோயுள்ள அப்பாவுக்கு (வயது 71) ரோட்டைக் கடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொண்டது, நான் பதறி இழுத்ததில் இருவருமே விழப் பார்த்தோம். என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

பிசியோதெரபிஸ்ட் முதலில் சொன்னது, இழுக்கவே கூடாது என்பதைத்தான். உடம்பு முன்னே வரும், கால் வராது. இப்போது உறைந்தால் அப்படியே நின்று மூச்சு விடுகிறார். எடையை இடமும் வலமுமாக மாற்றி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிப் பெரிய அடியாக வைக்கிறார். அதுவும் நடக்காவிட்டால் தரையில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொல்வேன். தாண்டிவிடுகிறார்! முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. யோசிக்காமலே தானாக நடக்க வைக்கும் மூளைப் பகுதி தடுமாறும்போது, கண்ணில் படும் கோடு வேறு பாதையில் காலை இயக்குகிறதாம். ஸீப்ரா கோடுகள் அவருக்கு இப்படியும் உதவுகின்றன.

பார்க்கின்சனுக்காக அவர் எடுக்கும் லெவோடோபா மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் மட்டுமே வெளியே போகிறோம். கவனம் நடையிலேயே இருக்க, கடக்கும்போது பேச்சு கிடையாது, பையை நான்தான் தூக்குவேன். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அரைவட்டமாக நடக்கிறார்.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் மட்டும் இன்னமும் உறைகிறார். அதைச் சமாளித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.