தெருமுனையில் உள்ள சிறிய சுஷி கடைக்கு அப்பா அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி (நிஷிகசாய்வாசி)

வணக்கம். டோக்கியோவின் நிஷிகசாயில் இரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். சுழலும் பட்டையில் தட்டுகள் வரும் பெரிய சுஷி கடைகள் எனக்குப் பழக்கமானவை. தொடுதிரையில் படத்தைத் தொட்டால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வயதான தம்பதியர் நடத்தும் ஒரு சிறிய கடை இருக்கிறது. வாசலில் நீலத் துணித் திரை தொங்குகிறது; உள்ளே எட்டுப் பேர் அமரக்கூடிய நீள்மேசை ஒன்றுதான். வெளியே விலைப்பட்டியல் கிடையாது. கதவு திறந்தபோது எட்டிப் பார்த்ததில், சுவரில் மீன் பெயர் எழுதிய மரப்பட்டைகள் தெரிந்தன. சிலவற்றில் விலைக்குப் பதிலாக இரண்டு எழுத்துகள் மட்டுமே இருந்தன.

அடுத்த மாதம் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பா மீன் பிரியர், அம்மா சைவம். மூவரும் 5,000 யென்னுக்குள் அங்கே சாப்பிட்டுவிட்டு வர முடியுமா?

பதில் 1 (பழைய குடித்தனக்காரர்)

தாராளமாக முடியும், ஆனால் மதிய வேளையில் செல்லுங்கள். இத்தகைய அக்கம்பக்கத்துக் கடைகளை இங்கே 'மாச்சி சுஷி' என்பார்கள். மதியத்தில், காடி கலந்த சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டு வைத்த நிகிரி சுஷியை, ஒருவருக்கான தட்டாகக் குறித்த விலைக்குத் தருவார்கள். பெரும்பாலும் 1,000 முதல் 1,500 யென்னுக்குள் அடங்கிவிடும். அதில் 'நமி', 'ஜோ', 'தொகுஜோ' என மூன்று தரங்கள் இருக்கும். நமி சாதாரணம், ஜோ அதற்கு ஒரு படி மேல், தொகுஜோவில் கடல் முள்ளெலி, சால்மன் முட்டை போன்ற விலையுயர்ந்தவை சேரும். நமி கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அந்தத் தெருக்காரர்களில் பலர் அதைத்தான் உண்கிறார்கள்.

நீங்கள் பார்த்த இரண்டு எழுத்துகள் 'ஜிக்கா' என்பதாகத்தான் இருக்க வேண்டும். அன்றைய சந்தை விலை என்று அதற்குப் பொருள். அந்த மீனை விலை கேட்காமல் சொல்லாதீர்கள். இரவில் சென்றால், நாம் கேட்காமலேயே சிறு கிண்ணத்தில் ஒரு பதார்த்தத்தை வைத்து அதற்குச் சில நூறு யென் கணக்கில் சேர்ப்பதும் உண்டு. அது ஏமாற்று அன்று, இந்த ஊர் வழக்கம். கடையில் அமர்ந்து உண்டால் 10 விழுக்காடும், பொதிந்து வாங்கிச் சென்றால் 8 விழுக்காடும் வரி. கையில் ரொக்கம் வைத்திருங்கள். அன்பளிப்புப் பணம் மட்டும் வைக்காதீர்கள், திருப்பிக் கொடுக்க ஓடி வருவார்கள்.

இன்னொன்று: டோக்கியோவின் மொத்த மீன் சந்தையான டொயோசுவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் பல புதன்கிழமைகளிலும் விடுமுறை. அந்த நாள்களில் சிறிய கடைகளும் மூடியிருக்கக்கூடும்.

பதில் 2 (வெள்ளரிக்காய்)

அம்மாவைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். மீன் துண்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அது சைவம் ஆகிவிடாது. நம் கடற்கரைப் பக்கத்து மாசிக்கருவாட்டைப் போல, சூரை வகை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் கட்டைபோல் உலர்த்தியதுதான் 'கத்சுவோபுஷி'. அதைச் சீவி எடுக்கும் சாறு இந்த நாட்டுச் சமையலில் எங்கும் நுழைந்திருக்கிறது. சோயா விழுதைக் கரைத்த மிசோ சூப், இனிப்பான முட்டைத் துண்டு, பொரித்த சோயாப்பையில் சோறு அடைத்த இனாரி, சுரைக்காய் வற்றலைச் சுருட்டிய கன்ப்யோ ஆகிய எல்லாவற்றிலும் அது இருக்க வாய்ப்புண்டு. வெள்ளரிக்காயை வைத்துக் கடற்பாசித் தாளில் சுருட்டிய 'கப்பா மாக்கி'யும், அதேபோல் முள்ளங்கி ஊறுகாய் வைத்த 'ஒஷின்கோ மாக்கி'யும்தான் ஓரளவு நம்பத் தகுந்தவை. ஊறுகாயிலும் சாறு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போதும் மீனை வெட்டும் அதே கத்தியும் பலகையும் கையும்தான். என் தாயாராக இருந்தால் நான் அழைத்துப் போயிருக்க மாட்டேன். உங்கள் அம்மா அதைப் பொருட்படுத்தாதவர் என்றால், முதல் நாளே கடையில் சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் நிஷிகசாயிலேயே உள்ள ஓர் இந்திய உணவகத்தில் அவருடைய பசியை ஆற்றுங்கள்.

பதில் 3 (கணவாய்)

ஒரு சிறு குறிப்போடு தொடங்குகிறேன். சுழலும் பட்டைக் கடை ஒன்றும் இளப்பமானதன்று. பீர் ஆலையில் புட்டிகள் பட்டையில் நகர்வதைக் கண்ட ஷிரைஷி யோஷியாகி என்பவர், குறைந்த ஆள்களை வைத்து மலிவாகப் பரிமாறலாம் என்று எண்ணி, 1958ஆம் ஆண்டு ஒசாகாவை ஒட்டிய பகுதியில் முதல் கடையைத் திறந்தார். சுஷி சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. பச்சை மீன் உங்கள் அப்பாவுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை முதலில் அங்கே இரண்டு தட்டுகளில் பார்த்துவிடுங்கள்.

ஆனால் சிறிய கடையில் கிடைக்கும் ஒன்று அங்கே கிடைக்காது. கண்முன்னே பிடித்து வைக்கும் சோறு உடல் சூட்டில் இருக்கும், மீன் குளிர்ந்திருக்கும். அந்த வேறுபாடு சில நொடிகளில் போய்விடும் என்பதால், வைத்தவுடன் எடுத்து ஒரே வாயில் உண்ண வேண்டும். கையால் எடுப்பது இங்கே முறையானதே. அப்பாவுக்கு இது மகிழ்ச்சி தரும். சோயா சாற்றில் மீன் பக்கத்தைத் தொட வேண்டும். சோற்றைத் தொட்டால் உதிர்ந்துவிடும். கடல் விலாங்கின் மேல் ஏற்கெனவே இனிப்புச் சாறு தடவியிருப்பார்கள், அதற்கு எதுவும் வேண்டாம். காரமான பச்சை விழுதான வசாபியைச் சோற்றுக்கும் மீனுக்கும் இடையில் வைத்துவிடுவார்கள். வேண்டாமென்றால் 'சபி நுகி' என்று முன்பே சொல்லுங்கள்.

சூரை, கணவாய், இறால் ஆகியவற்றில் தொடங்கலாம். நம் காணாங்கெளுத்தியின் உறவான சபாவை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். அதை உப்பிலும் காடியிலும் ஊறவைத்தாலும் அனிசாகிஸ் என்னும் புழு சாகாது. −20 பாகை செல்சியஸில் ஒரு நாள் முழுக்க உறையவைத்தால்தான் சாகும். உறையவைத்ததா என்று கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நிஷிகசாய்வாசி

மூவருக்கும் நன்றி. இன்று மதியம் தனியாகச் சென்று வந்தேன். ஜோ தட்டு 1,300 யென். தேநீர் தனிக் கணக்கில்லை. கப்பா மாக்கி மட்டும் உண்ணும் ஒருவர் வருவார் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கடைக்கார அம்மையார் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, கத்தியையும் பலகையையும் கழுவி, எல்லாருக்கும் முன்னதாக அதைச் செய்து வைப்பதாகச் சொன்னார். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். கழுவினால் போதும், வருகிறேன் என்றார்.