மீனுக்குப் 'பசிதூண்டி' பொருந்துமா? இரைநாட்டம் குறித்து

நண்பர்களுக்கு வணக்கம்.

உண்ணத் தூண்டும் பொருளை ஆங்கிலத்தில் ஒரெக்சிஜெனிக் என்றும், உண்பதைக் குறைக்கும் பொருளை அனொரெக்சிஜெனிக் என்றும் சொல்கிறார்கள். இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் விவாதத்தில் பசிதூண்டி, பசியடக்கி என்ற இணைக்கே இதுவரை ஆதரவு அதிகம். கேட்டதும் புரியும் சொற்கள்தான். ஆனால் மீன்களைப் பற்றிய கட்டுரையில் வைத்துப் பார்த்தால் 'பசி' என்ற பகுதியே இடிக்கிறது.

பசி என்றதும் நமக்குக் காலி வயிறுதான் நினைவுக்கு வரும். தங்கமீனுக்கும் கெண்டைக்கும் இரைப்பையே கிடையாது. அப்படியிருந்தும் தங்கமீனின் மூளைக்குள் நியூரோபெப்டைடு ஒய் என்ற ஒரெக்சிஜெனிக் பொருளைச் செலுத்தினால் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தின்கிறது. முட்டையிட ஆறேறும் சால்மன் நேர்மாறு: உடம்பில் சேர்த்த கொழுப்பையும் தசையையும் கரைத்தபடி நீந்தும், இரை தேடாது. வாயில் முட்டைகளை அடைகாக்கும் திலாப்பியாவும் அப்படித்தான். வயிறு காலி, நாட்டம் மட்டும் இல்லை.

அந்த நாட்டத்தை ஆளும் முக்கிய இடம் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ். அங்குள்ள எம்சி4ஆர் என்பது ஓர் ஏற்பி, அதாவது செய்தி கொண்டுவரும் பொருளை வாங்கிக்கொள்ளும் புரதம். அதில் ஆல்ஃபா எம்எஸ்எச் என்ற செய்திப்பொருள் வந்து அமர்ந்தால் நாட்டம் தணிகிறது. ஏஜிஆர்பி என்ற இன்னொரு செய்திப்பொருள் அமர்ந்தால் அந்தத் தணிப்பு தடைபடுகிறது. மெக்சிகோவின் சில குகைகளில் வாழும் கண்ணில்லா மீன்களில் இந்த ஏற்பியின் மரபணு மாறியிருக்கிறது. தணிக்கும் செய்தி சரியாகப் போய்ச் சேராததால் அவை ஆற்றில் வாழும் தம் இனத்தைவிட அதிகம் தின்கின்றன. இரை எப்போதாவதுதான் கிடைக்கும் குகையில் அது பெரிய வசதி.

அதனால் என் முன்மொழிவு: உண்ணும் விருப்பத்துக்கு இரைநாட்டம், ஒரெக்சிஜெனிக்குக்கு நாட்டமூக்கி (நாட்டம் + ஊக்கி), அனொரெக்சிஜெனிக்குக்கு நாட்டத்தணிப்பி. 'அடக்கி' என்றால் பலவந்தம் தொனிக்கிறது. வயிறு நிறைந்தபின் நடப்பது தணிதல்தானே. 'பசியாற்றி' அழகான சொல், ஆனால் அது உணவையே குறித்துவிடும். அப்புறம், உட்கொள்ளும் அளவைச் சொல்ல இரையெடுப்பு. மீன் வளர்ப்பவர்கள் 'மீன் இரை எடுக்கவில்லை' என்று சொல்வதுண்டு, அதிலிருந்து எடுத்தேன்.

நாட்டத்தைத் தணிக்கும் ஹார்மோனான லெப்டினுக்குக் 'கொழுப்பியக்கி' என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. பாலூட்டிகளில் அது பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது, சரி. கெண்டை போன்ற மீன்களிலோ முதன்மையாகக் கல்லீரலிலிருந்து. லெப்டின் லெப்டினாகவே இருக்கட்டும். மெட்டபாலிசத்துக்கு வளர்சிதைமாற்றமா, அனுசேபமா என்பதில் சண்டை வேண்டாம். முறையே தமிழகத்திலும் இலங்கையிலும் வேரூன்றிய சொற்கள், கட்டுரையில் முதன்முதலாக வரும் இடத்தில் இரண்டையும் தந்துவிடலாம்.

ஒரு வேண்டுகோள். சொற்பட்டியலில் கிரெலின் என்ற ஹார்மோனை வெறுமனே 'நாட்டமூக்கி' என்று பதியாதீர்கள். தங்கமீனில் அது இரையெடுப்பைக் கூட்டுகிறது. வானவில் டிரவுட்டில் கிடைத்த முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எந்த மீனில் என்பதையும் சேர்த்தே எழுதுவோம்.