மூன்றாம் வகுப்பு மகள் தமிழில் ‘மொட்டு’: பள்ளியை மாற்ற வேண்டுமா?

கொருக்குப்பேட்டை அம்மா:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டாம் பருவத் தேர்வு முடிந்து, விடுமுறைக்கு முன்பு பெற்றோரை அழைத்திருந்தார்கள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்களாம். இவள் கணக்கில் ‘மலர்’, தமிழில் ‘மொட்டு’ என்றார் டீச்சர். கேட்டதிலிருந்து எனக்கு மனமே சரியில்லை.

நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான். மகள் வெளியே தமிழில் வாய் ஓயாமல் பேசுவாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ‘பள்ளம்’ என்பதைப் ‘பலம்’ என்கிறாள், ‘மழை’யை ‘மளை’ என்கிறாள். எதிர்வீட்டுப் பையன் தனியார் பள்ளியில் படிக்கிறான், பக்கம் பக்கமாக எழுதுகிறான். இவள் பையைத் திறந்தால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஐஸ் குச்சிகள்தான் இருக்கின்றன. பள்ளியை மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். டியூஷன் போதும் என்கிறார் மாமியார். காலை உணவு கொடுக்கிறார்கள், டீச்சர் அன்பானவர், பிள்ளை அழாமல் போகிறாள். ஆனாலும் மொட்டு என்றால் பின்தங்கியவள் என்றுதானே பொருள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வியாசர்பாடி ஆசிரியை:

சகோதரி, நடுவருடத்தில் பள்ளியை மாற்றாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பிரிவு தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் உள்ளது. அது 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. கொரோனாவால் பள்ளி வாசலையே பார்க்காமல் மேல் வகுப்புக்கு வந்துவிட்ட குழந்தைகளுக்காகத் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் ஆகியவை குழந்தைக்குத் தருகிற தர வரிசை அல்ல. எந்தப் பாடத்தை எங்கிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியருக்குக் காட்டுகிற குறி. பாடத்துக்குப் பாடம் அது மாறும். உங்கள் மகளே கணக்கில் மலர், தமிழில் மொட்டு. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்திவிட்டுப் போனால் இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் படாது. அதனால்தான் இந்தப் பிரிவை நான் மனமார ஆதரிக்கிறேன்.

நீங்கள் எழுதிய இரண்டு பிழைகளையும் கவனித்தேன். இரண்டுக்கும் காரணம் வேறு. ‘ழ’ இன்றைய தெலுங்கில் இல்லை. தமிழே பேசும் வீட்டுப் பிள்ளைகளும் நம் வடசென்னையில் ‘மளை’ என்றுதான் வருகிறார்கள். அது பழகப் பழக வரும். ‘பள்ளம்’ அப்படி இல்லை. ‘ள’ தெலுங்கிலும் உண்டு, அதனால் வீட்டு மொழி மீது பழி போட முடியாது. அவள் முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் பார்த்துவிட்டு நடுவில் உள்ளதை ஊகிக்கிறாள், புள்ளி வைத்த எழுத்தைத் தாண்டிக் குதிக்கிறாள். மொட்டு நிலையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

ஒரு அட்டைத் துண்டால் சொல்லை மூடி, ஒவ்வொரு எழுத்தாகத் திறந்து காட்டுங்கள். ப. ள். ள. ம். கடைசி எழுத்து தெரியும்வரை முழுச் சொல்லைச் சொல்ல விடாதீர்கள். பிறகு படம் – பட்டம், எடு – எட்டு, குடை – குட்டை என்று ஜோடியாக எழுதிக் கொடுங்கள். தினமும் கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் குழந்தைக்கு அலுத்துவிடும்.

ஐஸ் குச்சியைக் குறைவாக நினைக்காதீர்கள். என் வகுப்பில் ஒரு பெண், காசிமேட்டில் பாட்டியோடு மீன் விற்பவள். 140 ரூபாய் மீனுக்கு 200 ரூபாய் கொடுத்தால் நொடியில் மீதியைத் தருவாள். அதையே பலகையில் கழித்தலாக எழுதினால் திகைத்து நிற்பாள். 52இலிருந்து 27ஐக் கழிக்க, ஒரு பத்துக் கட்டின் ரப்பர் பேண்டை அவளே அவிழ்த்து, தனியாக இருந்த இரண்டோடு சேர்த்துப் பன்னிரண்டு ஒன்றுகளாகப் பரப்பினாள். ‘கடன் வாங்குவது’ எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடிபட்டது. உங்கள் மகள் கணக்கில் மலரானதற்கு அந்தக் குச்சிகளுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. இரண்டாம் பருவம் சென்னையில் எப்போதும் குறைப் பருவம்தான். தீபாவளி, மழை விடுமுறை எல்லாம் இதில்தான் வருகின்றன. மூன்றாம் பருவத்துக்குப் புதுப் புத்தகம் வரும். விட்டுப்போனதை அதோடு சேர்த்து எப்போது நடத்துவார் என்று டீச்சரிடம் கேளுங்கள். கேட்கிற பெற்றோர் எங்களுக்குப் பெரிய பலம்.

தண்டையார்பேட்டை அப்பா:

டியூஷனுக்கு அவசரப்படாதீர்கள் அம்மா. என் மகனுக்கு வைத்தோம். பள்ளிப் பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள், வாசிப்பு அப்படியே நின்றது.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்:

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 13 பள்ளிகளை எடுத்துச் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். பெஞ்சுக்குப் பதில் பாய், சுவரில் குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தட்டுத் தட்டாக அட்டைகள். ஒவ்வொரு பிள்ளையும், பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ‘ஏணிப்படி’ அட்டவணையில் தன் படியைப் பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்போதும் பெற்றோர் வந்து, “ஏன் சார் தரையில் உட்கார வைக்கிறீர்கள், வீட்டுப்பாடம் எங்கே?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிள்ளையை அருகில் உட்கார வைத்து ஒரு அட்டையை வாசிக்கச் சொல்லுவேன். அதைக் கேட்ட பிறகு பெரும்பாலோர் சமாதானமாகப் போனார்கள்.

விடுமுறையில் பாடப் புத்தகத்தைத் தொடாதீர்கள் அம்மா. அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கானவை என்றாலும், ‘நுழை’ உங்கள் மகளுக்குச் சரியாக இருக்கும். பள்ளியில் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

கொருக்குப்பேட்டை அம்மா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டீச்சர், நீங்கள் சொன்னபடி அட்டையால் மூடிக் காட்டினேன். ‘குட்டை’யைச் சரியாக வாசித்துவிட்டாள். ‘பட்டம்’ இன்னும் ‘படம்’தான். கணவரிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். ஆண்டு முடியும்வரை இதே பள்ளி என்று ஒப்புக்கொண்டார். ஜனவரியில் பள்ளி திறந்ததும் ‘நுழை’ புத்தகங்களைக் கேட்கிறேன்.