குதிரை திடீரென இறந்துவிட்டது: புதைப்பதற்கு முன் காப்பீட்டுக்காக என்னென்ன செய்ய வேண்டும்?

கோத்தகிரி_லாயம்:
மார்வாரி பெண் குதிரை, 9 வயது. நேற்று மாலை தீவனம் எடுத்தது, இன்று காலை 5 மணிக்கு லாயத்தில் இறந்து கிடந்தது. வெளிக்காயம் இல்லை, மூக்கில் கொஞ்சம் நுரை. வியாழக்கிழமை லேசான வயிற்றுவலிக்கு டாக்டர் ஃப்ளூனிக்ஸின் என்ற வலிநிவாரணி ஊசி போட்டார், மறுநாள் சரியாகிவிட்டது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் ரூ.2,50,000க்கு பாலிசி, ஏழாவது மாதம் ஓடுகிறது. கழுத்தில் மைக்ரோசிப் உண்டு. இன்று ஞாயிறு, கிளை அலுவலகம் பூட்டியிருக்கிறது. சாயங்காலத்துக்குள் புதைத்துவிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். புதைக்கலாமா? அதே லாயத்தில் இன்னும் இரண்டு குதிரைகள் நிற்கின்றன.

சர்வே_பழசு:
நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காமல் புதைக்காதீர்கள். கிளை பூட்டியிருந்தால் என்ன, பாலிசியில் அச்சிட்ட கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டு கிளெய்ம் பதிவு எண் வாங்குங்கள். அதே நேரத்தில் கிளை, மண்டல அலுவலகம் இரண்டுக்கும் மின்னஞ்சல் போடுங்கள். ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னது தகவல் கொடுத்ததாகக் கணக்கில் வராது. கிளெய்ம் இழுபடுவதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

மின்னஞ்சலில் பாலிசி எண், சிப் எண், இறந்ததைப் பார்த்த நேரம், உடல் இருக்கும் இடம், எத்தனை மணி வரை வைத்திருப்பீர்கள் என்பது எல்லாம் இருக்கட்டும். பல பாலிசிகளில் தகவல் கொடுத்ததிலிருந்து 24 மணி நேரம் உடலைப் பார்வையிட வாய்ப்புத் தர வேண்டும் என்று நிபந்தனை உண்டு. உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தை முதலில் தேடிப் படியுங்கள். வைத்திருக்க முடியாத நிலை என்றால், "ஆளை அனுப்புங்கள், இல்லையேல் புதைக்க எழுத்தில் அனுமதி கொடுங்கள்" என்று கேளுங்கள். உடல் கெட ஆரம்பித்ததை டாக்டர் தன் அறிக்கையில் குறித்தால் அதுவும் துணை.

அடுத்தது அடையாளம். இறந்ததும் காப்பீடு செய்ததும் ஒரே குதிரைதான் என்று நிரூபிப்பது உங்கள் வேலை. இரண்டு பக்கமும் முழு உடல், நேர் முகம், நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, நான்கு காலின் வெள்ளை, சூட்டுத் தழும்பு இருந்தால் அது, எல்லாவற்றையும் படம் எடுங்கள். டாக்டர் கொண்டுவரும் ஸ்கேனரில் எண் தெரியும்போது குதிரையின் முகமும் அதே படத்தில் விழ வேண்டும். வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்தால் இன்னும் நல்லது. சிப் சில சமயம் நகர்ந்து போயிருக்கும். இடப்பக்கக் கழுத்தில் கிடைக்காவிட்டால் தோள் வரையும், மறுபக்கமும் தேடச் சொல்லுங்கள். வால்முடி முப்பது நாற்பது இழை வேரோடு பிடுங்கி, காகித உறையில் போட்டு வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் மரபணுச் சோதனைக்கு அது போதும்.

வியாழக்கிழமை சிகிச்சையை மறைக்க வேண்டாம். தகுதியுள்ள டாக்டர் பார்த்தார் என்பது உங்களுக்குச் சாதகம். கவனிக்காமல் விட்டார்கள், தகுதியில்லாதவர் வைத்தியம் பார்த்தார் என்று சொல்லிப் பணம் மறுக்கும் இரண்டு விலக்குகளுக்கும் அந்தச் சிகிச்சைச் சீட்டே பதில்.

கால்நடை_ஈரோடு:
எல்லோரும் மறக்கும் ஒன்று: திடீர் மரணம் என்றால் கத்தி வைப்பதற்கு முன் அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) இல்லை என்று உறுதியாக வேண்டும். மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருத்த ரத்தம், உடல் விறைக்காமல் இருப்பது, சட்டென்று உப்புவது எல்லாம் சந்தேகக் குறிகள். குதிரையில் இவை தெளிவாகத் தெரியாமலும் போகலாம், அதனால் "ரத்தம் இல்லையே" என்று நிம்மதி அடையாதீர்கள். காது ரத்தநாளத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெத்திலீன் நீலத்தில் சாயமேற்றிப் பார்ப்பார்கள். உடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறும், மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். கோவை வனக்கோட்டத்தில் 2021இல் யானை ஒன்று அடைப்பானால் இறந்தது, எனவே மேற்கு மலைப் பக்கம் இது வெறும் ஏட்டுப் பேச்சு இல்லை. அடைப்பான் என்று தெரிந்தால் போஸ்ட்மார்ட்டமே கிடையாது. சுட்ட சுண்ணாம்போடு ஆழப் புதைப்பதுதான். அப்போது ரத்தப் பரிசோதனை முடிவும் மருத்துவரின் சான்றும் உடற்கூறாய்வு அறிக்கைக்குப் பதிலாக நிற்கும்.

கால்நடை உதவி எண் 1962க்கு அழைத்து அரசு கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவரைக் கேளுங்கள். போஸ்ட்மார்ட்டத்தை எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. குதிரையின் பெருங்குடல் வேகமாகப் புளித்து உப்பும். சமவெளியில் வெயில் ஏறினால் அரை நாளில் உறுப்புகள் குழம்பிவிடும், மலையில் கொஞ்சம் தாமதமாகும். நிழலில் போடுங்கள், வயிற்றின் மேல் ஈரச்சாக்கு.

அறிக்கையில் "இதயச் செயலிழப்பு" என்று மட்டும் எழுதினால் கிளெய்ம் நிற்காது. இறந்த எல்லா உயிருக்கும் இதயம் நின்றுதான் போகிறது! குடல் முறுக்கா, இரைப்பை கிழிந்ததா, பெருந்தமனி வெடித்ததா என்ற காரணம் வேண்டும். இரைப்பை கிழிசல் இறந்த பிறகும் வாயுவால் வரும். உயிரோடு இருக்கையில் கிழிந்திருந்தால் விளிம்பில் ரத்தக்கசிவு இருக்கும், தீவனம் வயிற்றறை முழுக்கப் பரவியிருக்கும். இந்த வேறுபாட்டைக் குறிக்கும்படி பணிவாகக் கேளுங்கள், எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்ப மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்: இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், குடல் துண்டுகள் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மிகாமல், 10 சதவீத ஃபார்மலினில், துண்டைப்போல் பத்து மடங்கு திரவத்தில். இரைப்பைச் சரக்கும் கல்லீரலும் தனியாக, ஃபார்மலின் படாமல், ஐஸில். விஷம் என்று சந்தேகம் வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிவிட்டு அவர்கள் வழியாகத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

மற்ற இரண்டு குதிரைகளுக்கும் அதே மூட்டைத் தீவனத்தை இப்போதே நிறுத்துங்கள். அதிலிருந்து ஒரு கிலோ காகிதப் பையில் எடுத்து வையுங்கள், பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடிக்கும். காலை மாலை வெப்பம் பாருங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடனே டாக்டர்.

மசினகுடி_காடு:
புதைப்பது பற்றி. நீலகிரியில் பொக்லைனை அனுமதி இல்லாமல் இறக்க முடியாது. காலையிலேயே விஏஓவிடமும் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் பேசிவிடுங்கள். கையால் வெட்டுவதென்றால் 9 அடி நீளம், 7 அடி அகலம், 8 அடி ஆழம், ஏறக்குறைய 500 கன அடி மண். ஐந்தாறு பேருக்கு ஒரு முழு நாள் வேலை. கிணறு, ஊற்று, ஓடையிலிருந்து 250 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சரிவில் கீழே யாருடைய தண்ணீர் இருக்கிறது என்றும் பாருங்கள். குழியில் நீர் கசிந்தால் அந்த இடம் ஆகாது.

உடலுக்கு மேலே நாலு அடி மண், அதற்கும் மேல் இரண்டு அடி மேடு. மேடு கட்டாவிட்டால் மழைக்குப் பிறகு பள்ளம் விழும், நாயும் பன்றியும் தோண்டும். இழுக்கும்போது தார்ப்பாயில் ஏற்றிக் கால்களில் கயிறு கட்டுங்கள், கழுத்தில் வேண்டாம்.

இன்னொன்று. "காட்டோரம் போடு, கழுகு தின்னும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில வலிநிவாரணிகள் உள்ள உடலைத் தின்றால் கழுகு செத்துவிடும்; அதனால்தான் டைக்ளோஃபெனாக் 2006இலேயே கால்நடைக்குத் தடையானது, கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் 2023இல் தடையாயின. நீங்கள் போட்ட ஃப்ளூனிக்ஸினும் பாறு கழுகைக் கொல்லும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு ஒரு குதிரை உடலே போதும்.

கோத்தகிரி_லாயம்:
பதிவு எண் வாங்கிவிட்டேன், டாக்டர் கிளம்பிவிட்டார். இரண்டு சந்தேகம்: 2,50,000 முழுதாகக் கிடைக்குமா? இழுத்தடித்தால் எங்கே போவது?

சர்வே_பழசு:
காப்பீட்டுத் தொகை, சாவதற்கு முன் இருந்த சந்தை விலை, இரண்டில் குறைந்ததைத்தான் தருவார்கள். அதனால் வாங்கிய ரசீது, பாலிசி போட்டபோது டாக்டர் கொடுத்த மதிப்புச் சான்று, மார்வாரிச் சங்கப் பதிவு இருந்தால் அது, எல்லாம் சேருங்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் இதே வயது, இதே ரகம் என்ன விலைக்குப் போனது என்று இரண்டு விற்பனைச் சீட்டு காட்டினால், இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பேரம் பேசுவது குறையும். வங்கிக் கடன் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும்.

கிளெய்ம் படிவத்தைப் பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். இழுத்தால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், காப்பீட்டுப் புகார்களுக்கான பீமா பரோசா இணையதளத்திலும் பதியுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், நிராகரித்த ஓராண்டுக்குள் போக வேண்டும். குதிரை உங்கள் தனிப்பெயரில் இருந்தால் சிக்கல் இல்லை. கம்பெனி பெயரில் இருந்தால் அங்கே மனு எடுப்பார்களா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம், அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம்.

கால்நடை_ஈரோடு:
டாக்டர் வந்ததும் சிப் எண்ணையும் குதிரையின் நிறம், சுழிகளையும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சிகிச்சைச் சீட்டில் "பழுப்பு", அறிக்கையில் "செம்பழுப்பு" என்று இருந்தாலே கோப்பு திரும்பி வரும்.