வெர்மீர் வரைந்த பெண்ணின் காதில் இருப்பது நம் கடல் முத்தா?

கேள்வி (திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். டச்சு ஓவியர் வெர்மீர் 1665ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த, முத்துக் காதணி அணிந்த பெண்ணின் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பல ஆண்டுகளாக மாட்டியிருக்கிறது. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது 1658இல். வெர்மீர் வாழ்ந்த டெல்ஃப்ட் நகரில் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிளையும் இருந்தது. இடையில் ஏழே ஆண்டுகள் என்பதால், அது நம் பாரில் (முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டில்) எடுத்த முத்தாக இருக்குமோ என்ற எண்ணம் என்னை விடவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி (பாளையங்கோட்டை, ஓவிய ஆசிரியை)

தம்பி, அது குறிப்பிட்ட ஒருத்தியின் உருவப்படமே அன்று. முகத்தின் பாவத்தையும் அயல்நாட்டு உடையையும் காட்டுவதற்காக அக்காலத்து டச்சு ஓவியர்கள் வரைந்த 'ட்ரோனி' என்னும் வகையைச் சேர்ந்தது. முத்தைப் பற்றிக் கேட்டீர்கள். படத்தை உற்றுப் பாருங்கள்: மேலே தடித்த வெள்ளையில் ஒரே ஒரு பளிச்சென்ற தீற்றல், கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டையின் ஒளி பட்டது போன்ற மங்கலான ஒரு பூச்சு, அவ்வளவுதான். விளிம்பும் இல்லை, காதில் மாட்டக் கொக்கியும் இல்லை. மீதியைக் கழுத்தின் நிழலுக்குள் நம் கண்ணே வரைந்துகொள்கிறது. இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். இந்த இரண்டு தீற்றல்களை இன்னும் வியந்து தீரவில்லை. ஹேக் நகர அருங்காட்சியகத்தினர் 2018இல் தொடங்கிய ஆய்வில், இன்று கறுப்பாகத் தெரியும் பின்புலம் முன்பு பச்சைத் திரையாக இருந்ததும், கண்ணுக்குத் தெரியாமல் போன இமைமயிர்கள் இருந்ததும் தெரியவந்தன. தொலைவிலிருந்து வந்த பொருளைத்தான் தேடுகிறீர்கள் என்றால் தலைத்துணியின் நீலத்தைப் பாருங்கள். ஆப்கானிஸ்தானத்து 'லாபிஸ் லசூலி' என்னும் நீலக்கல்லை அரைத்து எடுத்த வண்ணம் அது.

மறுமொழி (தூத்துக்குடி)

அக்கா சொல்வது சரி. எங்கள் குடும்பத்தில் முந்தைய தலைமுறையினர் 1961 சலாபம் (முத்துக்குளிப்புப் பருவம்) வரை முத்துக்குளித்தவர்கள். நம் பார்களில் கிடைப்பவை சிறிய முத்துகள். மிளகு அளவிருந்தாலே நல்ல முத்து என்பார்கள். படத்தில் இருப்பது கட்டைவிரல் நுனி அளவு. கல்லைக் காலில் கட்டி மூச்சடக்கி இறங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் சிப்பி அள்ளினாலும், அப்படி ஒன்று கையில் வருவது கனவுதான். அந்த நாளில் கண்ணாடியில் செய்த போலி முத்துகளும் ஐரோப்பாவில் புழங்கின என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேட்டவர் மீண்டும்

அக்காவுக்கும் அண்ணாச்சிக்கும் மிக்க நன்றி. ஆச்சியைப் படத்தின் அருகே அழைத்துச் சென்று காட்டினேன். பாம்படம் போட்டுத் தோள்வரை காது வளர்த்தவர். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெருசு தொங்குது, காது இழுபடவே இல்லையே" என்றார். பூதக்கண்ணாடி வைத்துக் கொக்கியைத் தேடினேன். மடலுக்கும் முத்துக்கும் நடுவே நிழல் மட்டுமே இருந்தது.